டிக்கெட்டில் ‘எர்ஜான்’னு இருக்கா? ஒரே தீவு, இரண்டு வாசல்... சைப்ரஸ் கிளம்பும் முன் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் பாஸ்போர்ட் என்பது ஆடம்பரம் இல்லை, தொழில் கருவி. தோல் வியாபாரத்துக்காக இத்தாலியின் மிலன் நகரில் நடக்கும் லீனியாபெல்லே கண்காட்சிக்குப் போய் வருபவர்கள் ஒருபுறம். வளைகுடாவில் வேலை பார்க்கும் வீட்டு ஆட்கள் இன்னொருபுறம். இவர்களோடு, ‘ஐரோப்பாவில் படிப்பு, செலவு கம்மி’ என்ற பேச்சைக் கேட்டுப் பெட்டி கட்டத் தயாராகும் பிள்ளைகள். இந்த மூன்று தரப்பின் காதிலும் என்றாவது ஒருநாள் விழக்கூடிய பெயர், சைப்ரஸ்.

விழுந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி விசா கட்டணமோ, காலேஜ் ஃபீஸோ இல்லை. "சைப்ரஸ்ல எந்தப் பக்கம்?" என்பதுதான். ஏன்னா, வரைபடத்தில் ஒன்றாகத் தெரியும் அந்தத் தீவுக்குள் நடுவில் ஒரு கோடு ஓடுகிறது. எந்த வாசல் வழியாக உள்ளே போகிறோம் என்பதை வைத்துத்தான் நாம் சட்டப்படி வந்த விருந்தாளியா, சட்டவிரோதமாக நுழைந்தவரா என்பதே முடிவாகிறது.

சைப்ரஸ் எங்கே இருக்கு?

மத்தியதரைக் கடலின் கிழக்கு மூலையில். வடக்கே சுமார் 70 கிலோமீட்டரில் துருக்கி, கிழக்கே சிரியாவும் லெபனானும். பரப்பளவு 9,251 சதுர கிலோமீட்டர். நம்ம ஊர் கணக்கில் சொன்னால், மூன்றாகப் பிரிப்பதற்கு முன் இருந்த பழைய வேலூர் மாவட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு, அவ்வளவுதான். ஒரு முனையில் காலை டிபன் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் மதிய சாப்பாட்டுக்கு மறுமுனைக்குப் போய்விடலாம். போக விட்டால்!

தெற்கே இருப்பது சைப்ரஸ் குடியரசு. கிரேக்க மொழி பேசும் மக்கள்தான் பெரும்பான்மை. ஐக்கிய நாடுகள் சபை உறுப்பினர், காமன்வெல்த் உறுப்பினர், 2004 முதல் ஐரோப்பிய ஒன்றிய உறுப்பினர். புழக்கத்தில் இருப்பது யூரோ. 2021 கணக்கெடுப்பின்படி இந்தப் பகுதியின் மக்கள்தொகை 9 லட்சத்து 20 ஆயிரத்தைத் தாண்டுகிறது.

வடக்கே இருப்பது, தன்னை ‘வடக்கு சைப்ரஸ் துருக்கியக் குடியரசு’ என்று அழைத்துக்கொள்ளும் பகுதி. தீவில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடுதல். பேச்சு மொழி துருக்கியம், பணம் லிரா. தனிக்கொடி, தனி போலீஸ், தனி நாடாளுமன்றம் எல்லாம் உண்டு. ஆனால் உலகத்திலேயே இதை ஒரு நாடாக ஏற்றுக்கொண்டிருப்பது துருக்கி மட்டும்தான். இந்தியா ஏற்கவில்லை.

இரண்டுக்கும் நடுவே கிழக்கு மேற்காக 180 கிலோமீட்டர் நீளத்துக்கு ஐ.நா. கட்டுப்பாட்டில் ஒரு பட்டை ஓடுகிறது. சில இடங்களில் ஏழு கிலோமீட்டருக்கும் மேல் அகலம், தலைநகர் நிகோசியாவின் பழைய சந்துகளில் நான்கு மீட்டர்கூடத் தேறாது. எதிரெதிர் வீட்டு பால்கனிகள்தான் அங்கே எல்லை. இது போதாதென்று, தீவின் தெற்குக் கரையோரத்தில் அக்ரோதிரி, தெகேலியா என்று பிரிட்டனின் இரண்டு ராணுவத் தளப் பகுதிகளும் இருக்கின்றன. அவை இன்றைக்கும் பிரிட்டிஷ் மண்.

கோடு எப்படி வந்தது?

1960 ஆகஸ்ட் 16 அன்று பிரிட்டனிடமிருந்து விடுதலை. மக்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் கிரேக்க சைப்ரஸ்காரர்கள், ஐந்தில் ஒருவருக்குச் சற்றுக் குறைவாகத் துருக்கிய சைப்ரஸ்காரர்கள். அதிகாரத்தை இருவரும் பங்கு போட்டுக்கொள்ள ஓர் அரசியல் சட்டம் எழுதினார்கள். மூன்று வருஷம்கூட ஓழுங்காக ஓடவில்லை. 1963 டிசம்பரில் நிகோசியாவில் கலவரம் வெடித்தது.

சண்டையை நிறுத்த, பிரிட்டிஷ் மேஜர் ஜெனரல் பீட்டர் யங் நகரத்தின் வரைபடத்தில் ஒரு கோடு போட்டார். அப்போது அவர் கையில் இருந்தது பச்சை பென்சில். அதனால்தான் இன்றுவரை அதன் பெயர் ‘கிரீன் லைன்’. பெயருக்குப் பின்னால் வேறு எந்தப் பசுமையும் கிடையாது.

1964 மார்ச்சில் ஐ.நா. அமைதிப்படை வந்தது. இங்கே ஓர் இந்தியக் கதை உண்டு. படையின் முதல் தளபதி லெப்டினன்ட் ஜெனரல் கியானி. அதே வருஷம் ஜூலையில் பொறுப்பேற்றவர் குடகு மண்ணைச் சேர்ந்த ஜெனரல் திம்மையா, இந்திய ராணுவத்தின் முன்னாள் தலைமைத் தளபதி. 1965 டிசம்பரில் பணியில் இருக்கும்போதே சைப்ரஸில் காலமானார். அந்த நாடு அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. லார்னகா நகரில் அவர் பெயரில் இன்றும் ஒரு சாலை இருக்கிறது. மூன்றாவது இந்தியத் தளபதி லெப்டினன்ட் ஜெனரல் பிரேம்சந்த். தீவு உண்மையிலேயே உடைந்த 1974-ல் அங்கே பொறுப்பில் இருந்தவர் இவர்தான்.

அந்த வருஷம் ஜூலை 15 அன்று, கிரீஸ் ராணுவ ஆட்சியின் ஆதரவோடு சைப்ரஸில் ஆட்சிக் கவிழ்ப்பு நடந்தது. தீவைக் கிரீஸோடு இணைப்பதுதான் நோக்கம். ஐந்தே நாளில், ஜூலை 20 அன்று, துருக்கிய சைப்ரஸ்காரர்களைக் காப்பாற்றுவதாகச் சொல்லி துருக்கிப் படை வந்து இறங்கியது. ஆகஸ்டில் இரண்டாவது கட்டத் தாக்குதல். முடிவில் கிரேக்க சைப்ரஸ்காரர்கள் சுமார் 1 லட்சத்து 60 ஆயிரம் பேர் வடக்கிலிருந்து தெற்கே ஓடினார்கள். துருக்கிய சைப்ரஸ்காரர்கள் பல்லாயிரம் பேர் தெற்கிலிருந்து வடக்கே போனார்கள். காணாமல் போனவர்களின் அதிகாரபூர்வப் பட்டியலில் இரு தரப்பிலுமாக 2,002 பெயர்கள். இன்றைக்கும் இரு தரப்பு நிபுணர்களும் சேர்ந்து எலும்புகளைத் தோண்டியெடுத்து, மரபணு சோதனை செய்து, வீட்டாரிடம் ஒப்படைக்கிறார்கள். இதுவரை ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அடையாளம் காணப்பட்டிருக்கிறார்கள்.

1983 நவம்பர் 15-ல் வடக்கு தனிநாடாக அறிவித்துக்கொண்டது. அது சட்டப்படி செல்லாது என்று ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் தீர்மானம் போட்டது. 2004-ல் மீண்டும் ஒன்றாக்க ஐ.நா. ஒரு திட்டம் கொண்டுவந்து இரு பக்கமும் வாக்கெடுப்பு நடத்தியது. துருக்கிய சைப்ரஸ்காரர்களில் 65 சதவீதம் பேர் ‘சரி’ என்றார்கள். கிரேக்க சைப்ரஸ்காரர்களில் 76 சதவீதம் பேர் ‘வேண்டாம்’ என்றார்கள். 2017-ல் சுவிட்சர்லாந்தில் நடந்த பேச்சும் முறிந்தது.

அப்போ இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போக முடியுமா?

முடியும். 1974-லிருந்து 29 வருஷம் மூடியே கிடந்த கோட்டில், 2003 ஏப்ரல் 23 அன்று முதல் கேட் திறந்தது. தான் பிறந்த வீட்டை ஒருமுறை பார்த்துவிட்டு வருவதற்காக இரு பக்கமும் மக்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். இப்போது மொத்தம் ஒன்பது கேட்கள். சிலவற்றில் நடந்து மட்டும்தான் போகலாம், மற்றவற்றில் வண்டியும் போகும்.

தமிழ் வாசகர்களுக்கு இதைப் புரிந்துகொள்ள இலங்கையின் ஏ-9 சாலையை நினைத்துக்கொண்டால் போதும். 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு திறக்கப்பட்ட அந்தச் சாலையில், யாழ்ப்பாணம் போகிறவர்கள் ஓமந்தையிலும் முகமாலையிலும் இறங்கி, ஓர் அரசின் சோதனையையும் இன்னொரு நிர்வாகத்தின் சோதனையையும் அடுத்தடுத்து முடித்துக்கொண்டு போனார்கள். 2006 ஆகஸ்டில் சண்டை மூண்டதும் அது மூடப்பட்டது. சைப்ரஸின் கேட்கள் இருபது வருஷத்துக்கும் மேலாகத் திறந்திருக்கின்றன என்பதுதான் வித்தியாசம். இடையில் 2020-ல் கொரோனா வந்தபோது மட்டும் கேட்கள் பூட்டப்பட்டன.

சுற்றுலாப் பயணிகள் அதிகம் கடப்பது நிகோசியாவின் லெட்ரா தெரு. 2008 ஏப்ரல் 3-ல் திறந்த கேட் இது. தெற்கிலிருந்து போனால் இரு பக்கமும் துணிக்கடை, காபிக்கடை, ஐஸ்கிரீம். திடீரென்று தெருவின் நடுவில் ஒரு சின்ன போலீஸ் கூண்டு. பாஸ்போர்ட்டை நீட்ட வேண்டும். அடுத்து சில பத்து மீட்டர் யாருக்கும் சொந்தமில்லாத தெரு, கதவடைத்த பழைய கட்டடங்கள். பிறகு இன்னொரு கூண்டு, இன்னொரு அதிகாரி. முன்பெல்லாம் வடக்கே ஒரு தனித்தாளில் முத்திரை குத்திக் கொடுப்பார்கள். 2015-லிருந்து அந்தத் தாளை நிரப்பும் வேலை இல்லை. பத்து நிமிஷத்தில் நாணயம் மாறி, மொழி மாறி, பாங்கு சத்தம் கேட்கும் கடைவீதிக்குள் நிற்பீர்கள்.

வடக்கு நிகோசியாவில் பார்க்க வேண்டியது 1572-ல் ஓட்டோமான்கள் கட்டிய பூயுக் ஹான் என்ற சத்திரம். நம்ம ஊர் பழைய மண்டி போல, நடுவில் முற்றம், சுற்றிலும் இரண்டு அடுக்கில் அறைகள். பக்கத்திலேயே செலிமியே மசூதி, ஒரு காலத்தில் அது செயின்ட் சோஃபியா தேவாலயம். வெளியே அராஸ்டா கடைத்தெருவில் பெரிய பெரிய பிராண்ட் பெயர் போட்ட பைகளும் ஷூக்களும் மலிவாகத் தொங்கும். வாணியம்பாடிக்காரர் கையில் எடுத்தாலே அது தோலா, ரெக்சினா என்று சொல்லிவிடுவார். அதனால் ஏமாறப் போவதில்லை. ஆனாலும் வாங்கி வந்தால் தெற்கு சுங்கத்தில் பறிமுதல் ஆகலாம். வடக்கிலிருந்து தெற்கே திரும்பும்போது 260 யூரோ மதிப்புக்குள்தான் பொருட்கள், சிகரெட் 40, மது ஒரு லிட்டர் என்று வரம்பு இருக்கிறது.

காரில் சுற்றலாமா?

தீவு முழுக்க நம்ம ஊர் மாதிரி இடது பக்கம்தான் வண்டி ஓடும், பிளக்கும் பிரிட்டிஷ் மூன்று முனை. சௌகரியம்தான். சிக்கல் இன்ஷூரன்ஸில். தெற்கில் எடுத்த வாடகை காரின் இன்ஷூரன்ஸ் வடக்கில் செல்லாது. கேட்டிலேயே தனியாக ஒன்று வாங்க வேண்டும். அதுவும் எதிராளிக்கு ஏற்படும் சேதத்துக்கு மட்டும்தான். உங்கள் வாடகை கார் நசுங்கினால் காசு உங்கள் பையிலிருந்து. பல வாடகை நிறுவனங்கள் கோட்டைத் தாண்டவே கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். வடக்கில் வாடகைக்கு எடுத்த காரைத் தெற்கே கொண்டுபோகவும் முடியாது. நடந்து கடந்து, அந்தப் பக்கம் டாக்ஸியோ பஸ்ஸோ பிடிப்பதுதான் புத்திசாலித்தனம். நிகோசியாவிலிருந்து வடகடற்கரையின் கிரீனியா 25 கிலோமீட்டர்தான்.

போனையும் கவனிக்கணும். கோட்டைத் தாண்டியதும், சில இடங்களில் தாண்டுவதற்கு முன்பே, துருக்கிய நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளும். ஐரோப்பிய சிம்மின் இலவச ரோமிங் அங்கே கிடையாது. டேட்டாவை அணைத்துவிட்டுக் கடப்பது நல்லது. ராணுவ முகாம், ஐ.நா. பகுதி எதையும் போட்டோ எடுக்கக் கூடாது. ‘சும்மா ரீல்ஸுக்குத்தான்’ என்ற விளக்கம் அங்கே எடுபடாது.

கிழக்கே ஃபமகுஸ்தாவில் வரோஷா என்ற பகுதி. ஒருகாலத்தில் உலக நட்சத்திரங்கள் வந்து தங்கிய கடற்கரை ஹோட்டல்கள். 1974 ஆகஸ்டில் மக்கள் உடுத்திய துணியோடு ஓடினார்கள். துருக்கி ராணுவம் வேலி போட்டது. 46 வருஷம் யாரும் உள்ளே போகவில்லை. 2020 அக்டோபர் 8-ல் ஒரு பகுதியை மட்டும் வடக்கு நிர்வாகம் திறந்துவிட்டது. இப்போது சைக்கிள் வாடகைக்கு எடுத்துக்கொண்டு, இடிந்த கட்டடங்களுக்கு நடுவே சுற்றிப் பார்க்கிறார்கள். அந்த ஊரின் பழைய குடிமக்களைத் தவிர வேறு யாரையும் அங்கே குடியமர்த்தக் கூடாது என்பது ஐ.நா. தீர்மானம். செல்ஃபி எடுக்கும் பின்னணியில் இருக்கும் பால்கனி யாரோ ஒருவரின் வீடு. அவர் உயிரோடு, 60 கிலோமீட்டர் தள்ளி, தெற்கில் வாடகைக்குக் குடியிருக்கலாம்.

நிகோசியாவுக்கு மேற்கே இன்னொரு காட்சி. நகரின் பழைய சர்வதேச விமான நிலையம் ஐ.நா. பட்டைக்குள் மாட்டிக்கொண்டு கிடக்கிறது. 1974-ல் நின்ற டிரைடன்ட் ரக விமானம் ஒன்று இன்னும் அங்கேயே நிற்கிறது. அதைப் பார்க்கப் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை.

வாணியம்பாடிக்காரர்களுக்கு அங்கே என்ன இருக்கு?

லார்னகா விமான நிலையத்தை ஒட்டியே ஓர் உப்பேரி. கரையில் பேரீச்ச மரங்களுக்கு நடுவே ஒரு மினாரா. ஹலா சுல்தான் தெக்கே. நபிகள் நாயகத்தின் உறவுமுறையில் வந்தவராகச் சொல்லப்படும் உம்மு ஹராம் அம்மையார் அடங்கியிருக்கும் இடம் இது. ஏழாம் நூற்றாண்டில் அரபுப் படையோடு தீவுக்கு வந்தவர், கோவேறு கழுதையிலிருந்து விழுந்து இங்கேயே இறந்தார் என்பது வரலாற்று மரபு. குளிர்காலத்தில் போனால் ஏரி முழுக்கப் பூநாரைகள் நிற்கும்.

கவனிக்க வேண்டியது, இந்தத் தலம் இருப்பது தெற்கில், கிரேக்கப் பகுதியில். பெருநாள் சமயங்களில் வடக்கிலிருந்து துருக்கிய சைப்ரஸ் முஸ்லிம்கள் ஐ.நா. துணையோடு பஸ்களில் வந்து தொழுதுவிட்டுப் போகிறார்கள். அதேபோல வடகிழக்கு முனையில், கார்பாஸ் தீபகற்பத்தின் நுனியில், கிரேக்க கிறிஸ்தவர்களின் அப்போஸ்தலோஸ் அந்திரேயாஸ் மடாலயம் இருக்கிறது. அது வடக்கில். அதற்குத் தெற்கிலிருந்து யாத்திரை போகிறார்கள். இடிந்து விழ இருந்த அந்த மடாலயத்தையும், இந்தத் தெக்கேயையும் பழுது பார்ப்பதில் இரு தரப்பும் சேர்ந்த ஒரே கமிட்டி வேலை செய்தது. அரசியல்வாதிகளால் முடியாததைக் கொத்தனார்கள் முடித்திருக்கிறார்கள்.

எந்த வாசல்? இதுதான் முக்கியம்

சட்டப்படியான வாசல்கள் தெற்கில்தான் இருக்கின்றன. லார்னகா, பாஃபோஸ் என்று இரண்டு விமான நிலையங்கள். சென்னையிலிருந்து நேரடி விமானம் இல்லை. துபாய், தோஹா மாதிரி வளைகுடா நகரங்கள் வழியாகப் போகலாம். இந்தியர்களுக்கு விசா வேண்டும். டெல்லியில் சைப்ரஸ் ஹைகமிஷன் இருக்கிறது. சைப்ரஸ் இதுவரை ஷெங்கன் பகுதிக்குள் இல்லை, சேர முயற்சி நடக்கிறது. ஆனால் பலமுறை நுழையும் ஷெங்கன் விசா கையில் இருந்து, அதை வைத்து ஏற்கெனவே ஒரு ஷெங்கன் நாட்டுக்குள் போயிருந்தால், அதைக் காட்டியே சைப்ரஸுக்குள் நுழையலாம் என்ற விதி இருக்கிறது. மிலன் கண்காட்சிக்குப் போகும் தோல் வியாபாரிகளுக்கு இது உதவும். டிக்கெட் போடும் முன் ஹைகமிஷன் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

வடக்கில் இருப்பது எர்ஜான் விமான நிலையம். உலக விமானங்கள் எதுவும் நேரடியாக அங்கே இறங்குவதில்லை. எல்லாமே துருக்கியைத் தொட்டுத்தான் வரும். சைப்ரஸ் குடியரசின் சட்டப்படி எர்ஜான், கிரீனியா துறைமுகம், ஃபமகுஸ்தா துறைமுகம் மூன்றுமே 1974-லிருந்து மூடப்பட்ட, சட்டவிரோத நுழைவிடங்கள்.

இதன் அர்த்தம் என்ன? தெற்கே லார்னகாவில் முறைப்படி விசாவோடு இறங்கிய இந்தியர், கேட்டைத் தாண்டி வடக்கே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பி வரலாம். வடக்கு அதிகாரிகள் எந்த நாட்டு பாஸ்போர்ட்டுக்கு என்ன கேட்பார்கள் என்பது அவ்வப்போது மாறுவதால், முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போவது நல்லது. ஆனால் எர்ஜானில் இறங்கியவர், சைப்ரஸ் குடியரசின் விசா இல்லாமல், தெற்கே வர முடியாது. கேட்டில் திருப்பி அனுப்பப்படுவார். வேறு வழியாகப் புகுந்து மாட்டினால் கைது, நாடு கடத்தல் வரை போகலாம்.

படிப்புக்குன்னு சொல்லி அனுப்பினால்?

சிக்கல் இங்கேதான் பெரிசாகிறது. வடக்கில் இருபதுக்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்கள். வெளிநாட்டு மாணவர்களின் ஃபீஸ்தான் அந்தப் பகுதியின் பெரிய வருமானங்களில் ஒன்று. ஆப்பிரிக்கா, தெற்காசியா என்று பல நாடுகளிலிருந்து பிள்ளைகள் போகிறார்கள். அதில் ஒழுங்காகப் படித்து முடிப்பவர்களும் உண்டு. தப்பு அங்கே படிப்பதில் இல்லை. ‘சைப்ரஸ் ஐரோப்பிய நாடு, போனால் ஐரோப்பா முழுக்க வேலை தேடலாம்’ என்று பாதி உண்மையைச் சொல்லி, மீதியை மறைக்கும் ஏஜென்ட்களிடம்தான் இருக்கிறது. சைப்ரஸ் ஐரோப்பிய ஒன்றிய நாடு என்பது உண்மை. ஆனால் ஒன்றியத்தின் சட்டங்கள் வடக்கில் நடைமுறையில் இல்லை. அங்கே வாங்கும் குடியிருப்பு அனுமதி ஐரோப்பாவில் எங்கேயும் செல்லாது.

விசாவே கேட்க மாட்டாங்க, போனதும் பார்ட் டைம் வேலை என்ற உறுதிமொழியை நம்பிப் போய், ஃபீஸ் கட்ட முடியாமல் அனுமதி காலாவதியாகி நிற்கும் மாணவருக்கு அடுத்து என்ன? இந்தியாவுக்கு வடக்கில் தூதரக அலுவலகம் கிடையாது. இந்திய ஹைகமிஷன் இருப்பது அதே நிகோசியாவில்தான், சில கிலோமீட்டர் தூரத்தில், ஆனால் கோட்டுக்குத் தெற்கே. அந்தக் கேட்டைத் தாண்டத்தான் அவருக்கு அனுமதி இல்லை. ஆபத்தில் இருப்பவரின் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் உதவி, கைக்கு எட்டாத இடத்தில்.

ஒருசிலர் வேலியைத் தாண்டி ஐ.நா. பட்டைக்குள் நுழைகிறார்கள். 2021-ல் கேமரூனைச் சேர்ந்த இருவர் அங்கே மாதக்கணக்கில் கூடாரத்தில் மாட்டிக்கொண்டார்கள். 2024-ல் மீண்டும் பல நாடுகளைச் சேர்ந்த அகதிகள், குழந்தைகளோடு, வெயிலில் அதே கதிக்கு ஆளானார்கள். தெற்கு உள்ளே விடவில்லை, வடக்கே திரும்பப் போகவும் முடியவில்லை.

ஏஜென்ட் காட்டும் பேப்பரில் எந்தப் பக்கம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ரொம்ப சுலபம். முகவரியைப் பாருங்கள். ‘மெர்சின் 10, துருக்கி’ என்று இருந்தால் அது வடக்கு. தனிநாடாக அங்கீகாரம் இல்லாததால் வடக்குக்கான தபால்கள் துருக்கியின் மெர்சின் நகர முகவரி வழியாகத்தான் போகின்றன. போன் நம்பர் +357 என்று ஆரம்பித்தால் தெற்கு, +90 என்று ஆரம்பித்தால் வடக்கு, ஏன்னா அது துருக்கியின் எண். டிக்கெட்டில் கடைசி நிறுத்தம் எல்சிஏ அல்லது பிஎஃப்ஓ என்றால் தெற்கு, இசிஎன் என்றால் எர்ஜான். ஃபீஸ் ரசீது கையில் வருவதற்கு முன்னால் இந்த மூன்றையும் வீட்டில் யாராவது ஒருவர் பார்த்துவிட்டால் போதும். பட்டம் இந்தியாவில் செல்லுமா என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும். மருத்துவப் படிப்பு என்றால் தேசிய மருத்துவ ஆணையத்திடம். ஏஜென்ட் சொல்வது சான்றிதழ் ஆகாது.

கையில் கொஞ்சம் பணம் இருப்பவர்களுக்கு வேறொரு வலை. கடற்கரை ஓரம் மலிவு விலையில் அபார்ட்மென்ட். வடக்கில் விற்கப்படும் நிலத்தில் கணிசமான பகுதி 1974-ல் ஓடிய கிரேக்க சைப்ரஸ்காரர்களுடையது. பட்டா அவர்கள் பெயரில், தெற்கின் பதிவேட்டில், இன்னும் அப்படியே இருக்கிறது. அப்படி ஒரு நிலத்தில் வில்லா கட்டிய பிரிட்டிஷ் தம்பதிக்கு எதிரான தீர்ப்பு அவர்கள் சொந்த நாட்டிலேயே செல்லும் என்று 2009-ல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. 2024 முதல் இந்த வியாபாரத்தில் ஈடுபட்ட வெளிநாட்டினர் தெற்குப் பக்கம் வந்தபோது கைதாகியிருக்கிறார்கள்.

இந்தியா எந்தப் பக்கம்?

ஆரம்பம் முதலே சைப்ரஸ் குடியரசின் பக்கம். டெல்லியில் அதன் முதல் அதிபர் ஆர்ச்பிஷப் மகாரியோஸ் பெயரில் சாலை இருக்கிறது. நிகோசியா நாடாளுமன்றம் அருகே காந்தி சிலை இருக்கிறது. 2025 ஜூன் 15, 16 தேதிகளில் பிரதமர் மோடி அங்கே போனார். இருபது வருஷத்துக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு இந்தியப் பிரதமர் ஒருவரின் வருகை அது. ‘ஆபரேஷன் சிந்தூர்’ சமயத்தில் துருக்கி பாகிஸ்தானுக்கு ஆதரவாக நின்ற ஒரு மாதத்தில் நடந்த பயணம் என்பதால், செய்தி யாருக்கு என்று தனியாக விளக்கத் தேவையில்லை. அதிபர் நிகோஸ் கிறிஸ்டோடவுலிடெஸ் நிகோசியாவிலிருந்து வடக்கு மலைத்தொடரைப் பிரதமருக்குச் சுட்டிக்காட்டினார். அந்த மலைச்சரிவில்தான் வடக்கு நிர்வாகத்தின் பிரம்மாண்டமான கொடி வரையப்பட்டிருக்கிறது. ராத்திரியில் விளக்கு போடுவார்கள். தெற்கு நிகோசியாவில் எந்த மொட்டை மாடியில் ஏறினாலும் கண்ணில் படும்.

இப்போ நிலைமை எப்படி?

துப்பாக்கிச் சத்தம் இல்லை. உரசல் உண்டு. 2023 ஆகஸ்டில், இரு இனத்தாரும் சேர்ந்து வாழும் பைலா கிராமத்தில் சாலை போடும் தகராறில் ஐ.நா. வீரர்களே தாக்கப்பட்டார்கள். 2025 மார்ச்சில் ஜெனீவாவில் இரு தரப்புத் தலைவர்களும் சந்தித்தபோது, மேலும் நான்கு கேட்களைத் திறக்கலாம் என்று பேசப்பட்டதாக ஐ.நா. பொதுச்செயலாளர் குட்டரெஸ் அறிவித்தார். எந்த ஊரில், எந்தச் சாலையில் என்பதில்தான் இழுபறி. கடைசியாக 2018 நவம்பரில் டெரினியா, லெஃப்கா என்ற இரண்டு இடங்களில் புதிய கேட் திறந்தார்கள். அந்த இரண்டுக்கும் சம்மதம் கிடைத்து, சாலை போட்டு முடித்து, கதவு திறக்கவே மூன்றரை வருஷம் ஆனது.